கோப்பு அடுக்குவது தர மேலாண்மை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் தேசிய அவையான நாக்கின் மதிப்பீட்டில் ஒரு பல்கலைக்கழகம் ‘ஏ பிளஸ் பிளஸ்’ என்ற உச்சத் தரநிலை வாங்கினாலும் சரி, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலில் பத்து இடம் சறுக்கினாலும் சரி, மறுநாளே வாழ்த்துப் பதாகையோ கண்டன அறிக்கையோ வந்துவிடுகிறது. அந்த எண் எப்படி வந்தது, அதனால் வகுப்பறையிலும் தேர்வுப் பிரிவிலும் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் அளந்து தொடர்ந்து திருத்திக்கொண்டே போகும் முழுமைத் தர மேலாண்மை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், அமெரிக்கத் தர வல்லுநர் டெமிங் பெயரில் ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. நம் பொறியியல் பாடத்திட்டத்தில் இது தனித் தாளாகவே இருந்துவருகிறது. பிடிசிஏ சுழற்சி (திட்டமிடு, செய், சரிபார், திருத்து), காரணங்களைத் தேடும் மீன்முள் வரைபடம், இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லையைக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம் எல்லாவற்றையும் மாணவர்கள் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களின் விடைத்தாளைத் திருத்தும் அலுவலகமோ அவற்றில் ஒன்றையும் தன் வேலையில் தொட்டுப் பார்ப்பதில்லை. கல்விக்கு இது ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பால்ட்ரிஜ் தர விருது 1999இல் கல்வித் துறைக்கும் திறந்துவிடப்பட்டது. 2001இலேயே விஸ்கான்சின்–ஸ்டவுட் பல்கலைக்கழகம் அதை வென்றது.

இங்கே நடப்பது வேறு. 1994இல் தொடங்கப்பட்ட நாக், ஏழு அளவுகோல்களில் 1000 மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டுவந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு ஏறத்தாழ 70 விழுக்காடு, நிறுவனமே பதிவேற்றும் தரவைப் பொறுத்தது. ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதால் ஆண்டு முடிவில் ஐக்யூஏசி (உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் துறை துறையாக எக்ஸெல் படிவத்தோடு அலைவார். எடுத்த இடம் பதிந்த ஜியோ டேக் புகைப்படம் இருக்கிறதா, கருத்தரங்க வருகைப் பதிவேடு இருக்கிறதா என்று தேடல் நடக்கும். இல்லாவிட்டால் அதுவும் ‘தயாராகும்’. மாணவர் கருத்துக் கேட்பின் மீது ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற பத்தி, சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து தேதி மட்டும் மாறி வரும். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற நான்கு படிகளில் கடைசி இரண்டும் இப்படித்தான் காணாமல் போகின்றன.

தர மேலாண்மையைத் தொடங்க ஒரே ஒரு செயல்முறையை எடுத்துக்கொண்டால் போதும். தேர்வு முடிவு வெளியிடுவதையே எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து விடைத்தாள் கட்டு வந்து சேர்வது, மாணவர் அடையாளத்தை மறைக்க டம்மி எண் இடுவது, முகாமில் திருத்துவது, மதிப்பெண் பதிவேற்றுவது, விடுபட்டதைச் சரிபார்ப்பது, முடிவை நிறைவேற்றும் குழு கூடுவது என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொரு விடைத்தாள் கட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே வந்த தேதியையும் வெளியே போன தேதியையும் குறிக்கட்டும். ஒரு பருவத்திலேயே உண்மை தெரிந்துவிடும்: திருத்துவதற்கு ஆகும் நாள்களைவிடத் தாள்கள் சும்மா கிடக்கும் நாள்கள் அதிகம்.

தாமதத்தின் காரணங்களை எண்ணிப் பட்டியலிட்டால் மேலே வருபவை இரண்டு மூன்றுதான். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்த மூன்று பேர் எழுதிய தாளுக்குத் திருத்துநர் கிடைக்கமாட்டார். கல்லூரிகள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை ஏற்றியிருக்காது. வராதோர் பட்டியலும் கட்டிலுள்ள தாள்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. சிறு தாள்களுக்குத் தேர்வுக்கு முன்பே திருத்துநரை நியமிப்பது, அகமதிப்பெண் ஏறிய பிறகே ஹால் டிக்கெட் தருவது, எண்ணிக்கையைத் தேர்வு முடிந்த அன்றே மையத்தில் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் செலவில்லாத மாற்றங்கள். இரண்டாவதில் மட்டும் ஒரு கவனம் தேவை: கல்லூரியின் சுணக்கத்துக்கு மாணவன் தண்டனை பெறக்கூடாது. ஆகவே கெடு, ஹால் டிக்கெட் நாளுக்குப் பத்து நாள் முன்பாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது மறுமதிப்பீடு. விண்ணப்பித்தோரில் எத்தனை பேருக்குப் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் மாறியது என்பதைப் பாடவாரியாகப் பார்த்தால் போதும். ஒரு பாடத்தில் அது எகிறி நின்றால் விடைக்குறிப்பு சரியில்லை, அல்லது திருத்துநர்கள் ஆளுக்கொரு கையாகப் போட்டிருக்கிறார்கள். முகாமின் முதல் நாள் காலையில் ஐந்து விடைத்தாள்களின் நகலை எல்லோரிடமும் கொடுத்துத் தனித்தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். ஒரே தாளுக்கு விழுந்த மதிப்பெண்களைப் பலகையில் எழுதுங்கள். ஒருவர் 38 போட்ட தாளுக்கு இன்னொருவர் 55 போட்டிருந்தால் எந்தக் கேள்வியில் பிரிந்தார்கள் என்று பேசி, விடைக்குறிப்பைத் திருத்திக்கொண்ட பிறகு கட்டுகளைப் பிரிக்கலாம். அரைநாள் போகும். இதைச் செய்ய ஏன் தயக்கம் என்றால், மறுமதிப்பீட்டுக் கட்டணம் ஒரு வருமானமாகிவிட்டது. குறைபாட்டிலிருந்து காசு வரும்போது குறைபாட்டைக் குறைக்க யாருக்கு அவசரம்?

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மெமோ கொடுக்கும் வழக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். ஒரு பாடத்தின் நீண்டகாலச் சராசரித் தேர்ச்சி 80 விழுக்காடு, வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 0.8ஐ 0.2ஆல் பெருக்கி 60ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.052. கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழக்கமான எல்லையான அதன் மும்மடங்கு 0.155. அதாவது தேர்ச்சி 64.5இலிருந்து 95.5 வரை எங்கே நின்றாலும் அது இயல்பான ஏற்ற இறக்கம்தான். 72 வந்த ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதும் 86 வந்தவருக்குச் சால்வை போர்த்துவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். மெமோ வாங்கியவர் அடுத்த பருவம் என்ன செய்வார்? ‘முக்கியக் கேள்விகள்’ பட்டியல் கொடுப்பார், பாடத்தில் இரண்டு அலகை விட்டுவிடுவார். விசாரிக்க வேண்டியது 64.5க்குக் கீழே போனதையும், ஏழெட்டுப் பருவம் தொடர்ந்து சராசரிக்குக் கீழேயே இருப்பதையும். நூற்றுக்கு நூறும் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, அதையும் விசாரிக்கலாம். ஆண்டுதோறும் ஆள்வாரியாகத் தரம் பிரிப்பதை டெமிங்கே கடுமையாக எதிர்த்தவர் என்பது அவர் பெயரைச் சொல்பவர்களுக்கு மறந்துவிடுகிறது.

மாணவர் கருத்துக் கேட்பும் இதே கதி. பருவக் கடைசியில், ஹால் டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் நிரப்பியாக வேண்டிய கூகுள் படிவம், இருபது கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக், சராசரி 4.2. இதிலிருந்து எந்த ஆசிரியரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில், பெயர் எழுதாத ஒரு துண்டுத் தாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: எது புரிகிறது, எது புரியவில்லை, எதை மாற்றலாம். அடுத்த வகுப்பில் ஆசிரியர் எதை மாற்றப்போகிறார், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தாள்கள் துறைத்தலைவர் மேசைக்குப் போகவே கூடாது. போனால் அடுத்த முறை உண்மை வராது.

பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானதிலிருந்து பொறியியலில் கற்றல் விளைவை (பாடம் முடியும்போது மாணவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதை) கணக்கிடும் அட்டவணைகள் பெருகிவிட்டன. ‘60 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர் இத்தனை பேர் என்றால் நிலை 3’ (உச்ச நிலை) என்ற வரம்பை அந்தந்தத் துறையே வைத்துக்கொள்கிறது. நிலை 3 வராவிட்டால் வரம்பு இறங்கிவிடும். இன்னொரு ஓட்டையும் உண்டு. 11(அ) அல்லது 11(ஆ) என்ற கேள்வியில் இரண்டும் வெவ்வேறு விளைவைச் சோதித்தால், மாணவர் தொடாத கேள்வியைப் பூஜ்யமாக எடுப்பதா, விட்டுவிடுவதா என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகும். ஒரே விளைவுக்குள்தான் தெரிவு தர வேண்டும் என்று வினாத்தாள் அமைப்பவருக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

அளவுகோலே பரிசும் தண்டனையும் ஆகும்போது அளவு பொய்யாகும். யுஜிசி 2010இல் பதவி உயர்வுக்கு, ஆய்வுக் கட்டுரை போன்றவற்றுக்குப் புள்ளி தரும் ஏபிஐ முறையைக் கொண்டுவந்தது. பணம் வாங்கிக் கட்டுரை போடும் இதழ்கள் செழித்தன. அவற்றை வடிகட்ட வந்த, ஏற்கத்தக்க இதழ்களின் கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு என்ஐஆர்எஃப் மதிப்பெண் குறைக்கத் தொடங்கியது. ஒரே பேராசிரியரைப் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டியது 2024இல் இங்கேயே அம்பலமானது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. தரநிலைகளுக்குப் பதில் ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ என்ற முறைக்கு மாறுவதாக நாக் 2024இல் அறிவித்தது. தரவைத் தயாரிக்கும் கை மாறாதவரை அதுவும் அதே கோப்புக்கட்டுதான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடந்து, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்பைத் தாங்கும் துறையில் தர வட்டம் (பணியாளர்கள் கூடிக் குறைகளைத் தீர்க்கும் சிறு குழு) அமைப்பது வீண்வேலை. தலைமையின் நீடித்த ஈடுபாடுதான் தர மேலாண்மையின் முதல் தேவை. துணைவேந்தர் நாற்காலியே நீண்டகாலம் காலியாக இருந்தால் அந்த ஈடுபாட்டை யாரிடம் கேட்பது?

இருந்தும் சிலவற்றுக்கு நியமன ஆணையும் தனி நிதியும் தேவையில்லை. கடைசித் தேர்விலிருந்து முடிவு வரை கட்டவாரியாக ஆன நாள்கள், மறுமதிப்பீட்டில் பத்துக்கு மேல் மாறிய தாள்களின் விழுக்காடு, விண்ணப்பித்த நாளிலிருந்து பட்டச் சான்றிதழ் கையில் கிடைக்கும் வரை ஆன நாள்கள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பருவமும் பல்கலைக்கழக இணையதளத்தில் போடுமாறு உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். சராசரியோடு மிக அதிக நாள் எடுத்த பத்து நேர்வுகளையும் காரணத்துடன் போட வேண்டும். ஆள் பெயர் வேண்டாம். வரும் பருவத் தேர்விலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
உயர்கல்வித் தர உறுதிப் பணியில் உள்ள பேராசிரியர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.