விடை மட்டும் அனுப்பாதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன செவ்வாய்க்கிழமை என் முறை. காலை ஏழு மணிக்குக் குறுக்கெழுத்துக் கட்டத்தை நம் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஏழே கால் ஆவதற்குள் உன்னிடமிருந்து பதினோரு விடையும் வந்துவிட்டது. எல்லாமே சரி. ஆனால் வெறும் பதினோரு சொல், அவ்வளவுதான். குறிப்பிலிருந்து அந்த விடை எப்படி வந்தது என்று ஒரு வரியும் இல்லை. "விளக்கம் எங்கே?" என்று கேட்டேன். "விடை சரிதானே அண்ணே, அப்புறம் விளக்கம் எதுக்கு? வேலைக்கு நேரமாச்சு" என்று எழுதினாய்.

அன்று முழுக்க அது மனதிலேயே கிடந்தது. வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. குறுக்கெழுத்தில் புதிதாக இறங்கியிருக்கிற வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

சின்ன வயதில் நாம் பார்த்த குறுக்கெழுத்துப் போட்டி உனக்கு நினைவிருக்கும். வாரப் பத்திரிகையில் வரும். கத்தரியால் வெட்டி, நிரப்பி, தபாலட்டையில் ஒட்டி அப்பா அனுப்புவார். 'சூரியனின் வேறு பெயர்' என்று குறிப்பு இருக்கும். அதற்கு விடை போதும், விளக்க ஒன்றுமில்லை. 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் கட்டமும் நேராகப் பொருள் கேட்கிற ஜாதிதான். அது இங்கிலாந்துக்குப் போய், 1920களில்தான் சொல்லை உடைத்தும் மறைத்தும் கேட்கிற வகை வளர்ந்தது. நம் குழுவில் நாம் போடுவது இந்த இரண்டாவது வகை.

நீ முதன்முதலில் உடைத்த குறிப்பையே எடுத்துக்கொள். மாமா போட்டது: 'பாதிப் பல், பக்கத்தில் துளை: அதற்கு மேல் ரயில் போகாத ஊர் (3)'. கடைசியில் நிற்கிற (3), விடையில் மூன்று எழுத்து என்று சொல்கிறது. படித்தவுடன் பல்வலிதான் நினைவுக்கு வரும். அதை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். பல் என்பது ப, ல் என்று இரண்டு எழுத்து. பாதி என்றால் ப. பக்கத்தில் துளையை வைத்தால் பதுளை. 1924இல் இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதை அங்கே போய்ச் சேர்ந்தது. இன்றுவரை அதற்கு மேல் போகவில்லை. குறிப்பில் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது பார். அன்று நீ எனக்குப் போன் எடுத்து, "அண்ணே, பல்லுல பாதி 'ப'!" என்று கத்தினாய். 'பதுளை' என்று நீ கத்தவில்லை.

மறைத்துக் கேட்கிறவர் எப்படி வேண்டுமானாலும் மறைக்க முடியாது. அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ரிட்சி என்ற ஆங்கிலேயர் 1949இல் இதற்கு ஒரு விதி சொன்னார். குறிப்பைப் படித்தவுடன் தோன்றும் பொருள்தான் போட்டவர் மனதில் இருந்தது என்று இல்லை. ஆனால் மனதில் இருந்ததை அந்தச் சொற்கள் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் அது. சிமினீஸ் என்ற பெயரில் எழுதிய மக்நட் அதையே இன்னும் இறுக்கினார். விடையின் நேர்ப்பொருள், அதைக் கட்டும் வழி, இந்த இரண்டைத் தவிர குறிப்பில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்றார். நான் கடைப்பிடிக்கப் பார்ப்பது இதைத்தான். அந்த நியாயம் குறிப்பில் இருக்கிறதா என்று விடையை வைத்துச் சோதிக்க முடியாது. ஒருவர் விளக்கம் எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நீதான். போன வருடம் நான் போட்ட குறிப்பு: 'அம்மியில் உருளும், தேயிலை மலையில் கொட்டும் (3)'. குளவி என்று நினைத்துப் போட்டேன். ஐந்து பேர் குளவி என்று அனுப்பினார்கள், நானும் ஐந்து பேருக்கும் சரி போட்டேன். நீ மட்டும் விளக்கம் எழுத உட்கார்ந்தாய். "கொட்டுறது குளவி. அம்மியில உருளுறது குழவி, பெரிய ழ. ரெண்டும் ஒரு கட்டத்துல உட்காராதே அண்ணே" என்று எழுதினாய். பேசும்போது நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தில் ஆகாது. அந்தக் குறிப்பு தப்பு. அன்றைக்கு நீயும் விடையை மட்டும் அனுப்பியிருந்தால் அந்தத் தப்பு சரி என்றே நின்றிருக்கும்.

அப்புறம், தமிழில் விளக்கம் எழுதும்போது மொழி தன் சட்டை மடிப்பையெல்லாம் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலப் புதிரில் எழுத்துகளைக் கொட்டிக் கலைத்து வேறு சொல் செய்வார்கள். நமக்கு அது அத்தனை சுலபமில்லை. 'பாலம்' கலைந்தால் 'லாபம்' ஆகும் என்று காது சொல்லும். ஆனால் பாலத்தில் இருப்பது பா, ல, ம். லாபத்தில் இருப்பது லா, ப, ம். துணைக்கால் இடம் மாறிவிட்டது, அதனால் செல்லாது. சித்தப்பா போட்ட 'கதவு கலைந்தால் தகுதி (3)' மட்டும் செல்லும். க, த, வு என்ற மூன்று எழுத்தும் அப்படியே இடம் மாறித் தகவு ஆகிறது.

'தேரின் முகப்பில் இலை கட்ட, மலையெல்லாம் பச்சை (3)' என்று ஒன்று வந்ததே, அதற்கு நாம் எவ்வளவு நேரம் சண்டை போட்டோம்! தேரின் முகப்பு தே. அதோடு இலை. விடை தேயிலை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இலையில் இருப்பது இ, தேயிலையில் இருப்பது யி. அந்த ய் எங்கிருந்து வந்தது என்று நீ விடாமல் கேட்டாய். இரண்டு உயிர் ஒட்டும்போது நடுவில் வந்து நிற்கிற உடம்படுமெய் என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சங்கதி, நம் வீட்டுக்குப் பின்னால் மலை மலையாக நிற்கிற செடியின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சொல்லி வந்தும் நான் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

எனக்கு மிகப் பிடித்தது நீயே போட்டது. 'கொழும்புக்குப் போனால் பார்க்கலாம், போகிற வழியில் கொறிக்கலாம் (3)'. ரயிலில் சுருளில் விற்கும் கடலை சரி, கொழும்பில் போய்க் கடலையைப் பார்ப்பானேன் என்று நான் அரை நாள் தவித்தேன். உன் விளக்கம் ஒரே வரி: 'கடல் + ஐ'. தெமோதரையில் ரயில் வளைந்து சுற்றி வந்து, தான் நின்று புறப்பட்ட ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகுமே, அப்படி இருந்தது. சொல் அதே சொல்தான். நான்தான் மேலே நின்று தேடிக்கொண்டிருந்தேன். வேற்றுமை உருபை வைத்து இப்படி ஒரு குறிப்பு செய்ய முடியும் என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடிய காளமேகப் புலவரின் மொழி இது. நமக்குச் சிலேடை புதிதில்லை. ஆனால் அதைப் பிரித்து, இந்த அர்த்தத்துக்கு இப்படி, அந்த அர்த்தத்துக்கு அப்படி என்று இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் கேட்டவருக்கு முழுச் சந்தோசம்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மழை விடவில்லை. அடுப்படியில் அப்பாயி (அப்பாவின் அம்மா) விறகை உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ பலகையில் உட்கார்ந்து, ஒரு கையில் தேத்தண்ணி, ஒரு கையில் போனுடன் குறிப்பைச் சத்தமாக வாசித்தாய்: 'மாடு முன்னே, நாம் இருந்த வீட்டு வரிசை பின்னே, உள்ளே சாமி (4)'. மாட்டுக்குப் பசு, காளை, எருது என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். அப்பாயி அடுப்பை ஊதுகுழலால் ஒரு தரம் ஊதிவிட்டு, புகையில் கண்ணை மூடிக்கொண்டே, "நாம இருந்த வீட்டு வரிசைன்னா லயம்தானே புள்ள" என்றார். நீ அப்படியே நிமிர்ந்தாய். "ஆ! ஆவுன்னா மாடு. ஆ... லயம்!" என்றாய். தேத்தண்ணி பாதி உன் பாவாடையில்.

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. கட்டம் என்றால் அவருக்குத் தாயக்கட்டம்தான். 'ஆ' என்றால் மாடு என்பது அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்தது. லயம் என்றால் உன் சிநேகிதிகளுக்குப் பாட்டில் வருகிற தாள லயம்தான். தேயிலைத் தோட்டத்தில் பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் (அறையில்) மூன்று தலைமுறை இருந்த வீட்டு வரிசை அது என்பதை அப்பாயி யோசிக்காமலே சொன்னார். ஒரு சொல்லின் முன்பாதி உன்னிடம் இருந்தது, பின்பாதி அவரிடம் இருந்தது. அன்று ராத்திரி அவர் என்னைக் கூப்பிட்டு, "தினமும் அத எனக்கு வாசிச்சுச் சொல்லுய்யா" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். முதலில் குறிப்பு. கொஞ்ச நேரம் விடுவேன். அவர் விடுகதை போல நினைத்து வாய்விட்டு யோசிப்பார். அப்புறம் நீங்கள் எல்லோரும் அனுப்பின விளக்கம். விடையைக் கேட்டுத் தலையாட்டுவார். விளக்கத்தைக் கேட்டால்தான் சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை எட்டாவது குறிப்பு நான் அவருக்காகவே செய்தது. 'கொழுந்து மலையில் காலைப் பிடிக்கும், சோதனைச் சாவடியில் ஆளைக் காட்டும் (3)'. நீ அனுப்பினது: 'அட்டை'. சரிதான். ஆனால் மற்றவர்கள் யாரும் அன்றைக்கு அதை உடைக்கவில்லை, உன் விளக்கத்தைத்தான் வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன். கடைசியில் நானே சொன்னேன். முதல் அட்டைக்கு அவர் உடனே காலைத் தடவிக்கொண்டு, சவுக்காரமும் உப்பும் பூசிக்கொண்டு மலைக்கு ஏறின கதையைச் சொன்னார். இரண்டாவது அட்டையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறந்தது இதே மலையில். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கியபோது அவர் கைக்குழந்தை. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். அடையாள அட்டை கைக்கு வந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. "மொத அட்டைய உப்பு போட்டுப் பிடுங்கிடலாம். ரெண்டாவது அட்டைக்கு எத்தன வருசம் நடந்தோம்" என்றார். நீ எழுதியிருந்தால் இதை இன்னும் நன்றாக எழுதியிருப்பாய். உன் பெயரைச் சொல்லி வாசிக்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

உனக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் தட்டுகிறாய். பதினொன்றுக்கும் எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதுவும் நீளமாக வேண்டாம். மாமா எழுதுவதைப் பார். 'களிக்குள் கும்பத்தின் நடு, குளிருக்குப் போர்த்துவது (4)' என்ற குறிப்புக்கு அவர் எழுதினது இவ்வளவுதான்: 'கும்பம், நடு ம்ப. களிக்குள் வைத்தால் க+ம்ப+ளி. நேர்ப்பொருள் போர்த்துவது.' ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது. எது நேர்ப்பொருள், எந்த எழுத்து எங்கிருந்து வந்தது, மிச்சமாக ஏதாவது சொல் நிற்கிறதா என்று மூன்றும் தெரிகிறது. ஊகத்தில் போட்டிருந்தால் ஊகம் என்றே எழுது. குறுக்கே வந்த எழுத்தை வைத்துப் போட்டேன், வழி புரியவில்லை என்று சொன்னால் மற்றவர் யாராவது பிரித்துக் காட்டுவார்கள்.

சனிக்கிழமை உன் முறை. அதற்கு முன்னால் இன்றைக்கு உனக்கு மட்டும் ஒரு குறிப்பு வைக்கிறேன். அப்பாயிக்கு இன்னும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடு. விடையை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கத்தை எழுது.

பாதித் தங்கமும் முழுக் கையும் சேர, உடன்பிறந்தவள் (3)

அன்புடன்,
அண்ணன்