நடை சாத்திய பிறகு எங்கே உட்கார்வது?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய கடை வரைபடத்தையும் மெனுவையும் பார்த்தேன். பெங்களூரு வேலையை விட்டு மதுரை டவுனுக்குள் காபிக் கடை போடும் யோசனைக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். மெனுவைத்தான் பாதிக்கு மேல் அடிக்க வேண்டும். தோசை, பரோட்டா, பாஸ்தா, ஜிகர்தண்டா என்று எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதி வைத்திருக்கிறாய், ராசா.

டவுனில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜுகளைச் சுற்றி விடியும்போதே இட்லியும் பொங்கலும் வந்துவிடும். சிம்மக்கல் பக்கம் கறி தோசை: தோசைக்கு மேல் முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி. விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. ராத்திரி எத்தனை மணியானாலும் பரோட்டாக் கல் எங்காவது சூடாகத்தான் இருக்கும். இவர்களோடு நீ விலையிலும் போட்டி போட முடியாது, கைப்பக்குவத்திலும் முடியாது. பாதிப் பேர் பல வருஷமாக அதே இடத்தில் இருப்பவர்கள். நீ இன்றைய வாடகையில் உள்ளே வருகிறாய்.

டவுனில் இல்லாதது உட்கார ஒரு இடம். மீனாட்சி கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறது. தரிசனம் கிடைக்காதவர்களும், தரிசனம் முடிந்து சாயங்கால ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் அந்த மூன்றரை மணி நேரம் எங்கே போவார்கள்? உசிலம்பட்டி, மேலூர், மானாமதுரை பக்கமிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க விளக்குத்தூணுக்கும், நகை எடுக்க தெற்காவணி மூல வீதிக்கும் வரும் குடும்பங்களும் அதே நேரத்தில்தான் தெருவில் நிற்கிறார்கள். கையில் பை, இடுப்பில் பிள்ளை, கூட ஒரு பாட்டி. ஓட்டலில் இலையை எடுத்த கையோடு அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவான். கழிப்பறை கிடைக்காது என்று தெரிந்தே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறார்கள். உன் கடை இவர்களுக்காக இருக்கட்டும். காபி அதற்குள் ஒரு பகுதி.

அதனால் வரைபடத்தை மாற்று. உனக்குக் கிடைப்பது 450 சதுர அடி. சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் 150 போகும். கழிப்பறை இரண்டு, கைகழுவும் இடத்தோடு 50. முன்பக்கம் நின்று குடிப்பவர்களுக்கு ஒரு கவுண்டர், 50. மிச்சம் 200-ல் ஆளுக்கு 12 சதுர அடி வைத்தால் 16 பேர் உட்காரலாம். நீ 28 நாற்காலி போட்டிருக்கிறாய். பையும் பிள்ளையுமாக வருகிறவர்கள் அதில் திரும்பவே முடியாது. ஒரு சுவர் முழுக்கத் திண்ணை மாதிரி பெஞ்சு போட்டு, அதன் அடியில் பை வைக்க இடம் விடு. நாற்காலியைவிட ஆளும் கூடுதலாகப் பிடிக்கும்.

நிற்கிறவன் நாலு நிமிஷத்தில் குடித்துவிட்டுப் போவான். உட்கார்ந்தவர் நாற்பது நிமிஷம் இருப்பார். மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலு மணிக்குள் ஒரு இருக்கை ஐந்து முறை மாறும், 16 இருக்கைக்கு 80 பேர். அது ஏட்டுக் கணக்கு, நீ 40 என்றே வைத்துக்கொள். அவர்கள் வெறும் காபி மட்டும் குடித்தால் வாடகை வராது. ஆகவே உள்ளே உட்காருவதற்கு ஒரு விலை, வெளியே நிற்பதற்கு ஒரு விலை. இரண்டையும் வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போடு. எழுதாமல் பில்லில் காட்டினால் தினம் சண்டைதான். வாடகையைத் தருவது காலை ஆறு முதல் ஒன்பது வரை முன் கவுண்டரில் நடக்கும் வியாபாரம். மதியக் கூட்டம் கடைக்குப் பேரைத் தரும், மறுபடி மறுபடி ஆளைக் கொண்டுவரும். மொத்த விற்பனையில் வாடகை 15 சதவீதத்தைத் தாண்டுகிற மாதிரி இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

எந்த வீதி என்று கேட்டிருந்தாய். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளுக்குள் வண்டி போகாது. பால், கேஸ், தண்ணீர் எல்லாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும், டெலிவரிப் பையனும் வரமாட்டான். அதற்கு அடுத்த சுற்றான ஆவணி மூல வீதிகள் நெருக்கம், ஒரு லோடு ஆட்டோ நின்றால் தெருவே நிற்கும். அவற்றுக்கும் வெளியே, மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் பார். அங்கே இருக்கும் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட்டு வீதி இரண்டும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வந்தவை. விளக்குத்தூணே அவர் நினைவுக்கு நட்டதுதான். ரயிலை விட்டு இறங்கியவர்கள் டவுன்ஹால் ரோடு வழியாகத்தான் கோயிலுக்கு நடக்கிறார்கள். அந்த ரோட்டிலிருந்து இருபதடி உள்ளே ஒரு குறுக்குத் தெருவில் கிடைத்தாலும் போதும், வாடகை இறங்கும். மாசி வீதியில் எடுத்தால் சித்திரைத் தேரன்று தெரு மூடியிருக்கும் என்பதை மறக்காதே. பாலும் சிலிண்டரும் முந்தின ராத்திரியே உள்ளே வந்துவிட வேண்டும்.

காபிக்கு வருகிறேன். எஸ்பிரெஸோ மெஷின் முதல் வருஷம் வேண்டாம். டவுன் போர் தண்ணீர் உப்பு. பாய்லரில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து அடைக்கும். பழுதானால் ஆள் வெளியூரிலிருந்து வரவேண்டும், அதுவரை கடையில் காபியே இருக்காது. பித்தளை ஃபில்டருக்குப் பழுது என்று ஒன்று கிடையாது.

பொடியில் சிக்கரி 20 சதவீதத்தில் நிறுத்து. சட்டப்படி கலப்புப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டிலும் போட வேண்டும். அந்த 51-ஐ நம்பிச் சிக்கரியைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கரி நிறமும் கெட்டியும் தரும், வாசனை தராது. முப்பதைத் தாண்டினால் டிக்காஷன் பிசுபிசுத்து இறங்கவும் மந்தமாகும். கொட்டை பிளான்டேஷன் ஏ (பெரிய அராபிகா ரகம்) பாதி, பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) பாதி. வறுத்து அரைத்து நாலைந்து நாளுக்குள் தீர்கிற அளவே வாங்கு.

அரைக் கிலோ பொடிக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், கீழே இறங்குவது இரண்டு லிட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் கழித்து ஊற்று. முதலில் பொடி நனைகிற அளவு மட்டும், ஒரு நிமிஷம் விட்டு மிச்சத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். பொடியை அழுத்தி அடைத்தால் இறங்காது. தளர்வாகப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் இறங்கி வெளுத்த தண்ணீராக வரும். அரைப்பு மாவாக இருந்தாலும் அடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரை முழுக்க உப்பெடுத்து வைத்தால் காபி சப்பென்று இருக்கும், டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 100-லிருந்து 150 வரை வைக்கச் சொல்.

இறங்கிய டிக்காஷனை நேரடியாக அடுப்பில் வைத்தால் கசந்துபோகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வை. மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே. ஒரே தடவையில் நிறையப் போடுவதைவிட, கூட்டம் பார்த்து அரைக் கிலோ அரைக் கிலோவாகப் போடு. ஒரு டம்ளருக்கு 30 மில்லி டிக்காஷன், 90 மில்லி பால். அரைக் கிலோ பொடிக்கு 65 டம்ளர் வரும், ஒரு லிட்டர் பாலில் 11. பால் விலையை 11-ஆலும் பொடி விலையைக் கிலோவுக்கு 130-ஆலும் வகுத்துக் கூட்டு, சர்க்கரை 8 கிராமைச் சேர். அந்தத் தொகை விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். பால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட். தண்ணீர் விடாதே. ஒரு முறை காய்ச்சியதை மறுபடி மறுபடி பொங்க விட்டால் ஆடையும் காய்ந்த வாடையும் வந்துவிடும். இரண்டு லிட்டர் வீதம் ஏற்று.

பேப்பர் கப் கணக்கையும் மெனுவோடு அனுப்பியிருந்தாய். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டபரா செட் 120 வாங்கு. அவற்றை வெந்நீரில் கழுவ ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும், அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எழுது.

பலகாரத்தில் எண்ணெய்ச் சட்டியே வேண்டாம். பழைய கட்டடத்தில் புகை போக வழி இருக்காது, மாடியில் குடியிருப்பவர் முதல் வாரமே சண்டைக்கு வருவார். கசடு எண்ணெய் போய்த் தெருச் சாக்கடையும் அடைக்கும். கல்லில் போடுகிற தேங்காய்ப் போளி, பருப்புப் போளி, மதியத்துக்குச் சுண்டல், மோர், நன்னாரி சர்பத். பால்பன் எண்ணெயில் பொரிக்கிற இனிப்பு, அதை நன்றாகப் போடுகிறவர்களிடம் வாங்கி விற்றுவிடு. ஐஸை வெளியே கட்டியாக வாங்காமல் சின்ன மெஷின் வைத்துக்கொள்.

நாலு மணிக்கு மேல் பருத்திப்பால். இதில் மட்டும் எனக்குப் பிடிவாதம். தள்ளுவண்டியில் கிடைக்கிறது, உட்கார்ந்து குடிக்கத்தான் இடமில்லை. ஒரு கிலோ பருத்தி விதையைக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவைத்து, கிரைண்டரில் தண்ணீர் விட்டு ஆட்டி, துணியில் மூன்று தடவை பிழிந்தால் ஐந்து லிட்டர் பால் வரும். கால் கிலோ பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கலந்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போய் மாவு வெந்த பிறகுதான் ஒரு கிலோ கருப்பட்டியில் காய்ச்சிய பாகு. முன்னாலேயே ஊற்றினால் மாவு வேகாமல் நறநறக்கும். கடைசியில் சுக்கு, ஏலக்காய், துருவிய தேங்காய். விதையை மட்டும் விவசாயக் கடையில் வாங்கிவிடாதே. விதைப்புக்கு விற்பதில் மருந்து கலந்திருக்கும், சாயமும் ஏற்றியிருப்பார்கள். அதைக் கழுவிப் போக்க முடியாது. பருத்திப்பால்காரர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்து அங்கேயே வாங்கு.

கழிப்பறையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றில் மேல்நாட்டுக் கோப்பை, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி. முட்டி வலிக்காரப் பாட்டிகள் அதைத்தான் தேடுவார்கள். வழுக்காத தரை, உள்ளே பை மாட்ட ஆணி, மூடியுள்ள குப்பைக் கூடை, மணிக்கு ஒருமுறை கழுவி நேரம் எழுத ஒரு அட்டை. ஓட்டலுக்கு ஒரு இருக்கைக்கு நாளைக்கு 70 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு, உனக்கு 1,120. கழிப்பறைக்கு மட்டும் உள்ளே வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களைத் தடுக்காதே. 2,000 லிட்டர் தொட்டி வை.

வேலைக்கு இருப்பவர்களுக்கும் உட்கார ஸ்டூல் போடு. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021-ல் வந்த திருத்தத்தில் அது கடைக்காரர் கடமை. வீட்டு சிலிண்டரைக் கடைக்குள் கொண்டுவராதே, 19 கிலோ சிலிண்டர்தான். உணவுப் பாதுகாப்பு உரிம எண் பில்லில் அச்சாக வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த இடத்தில் ஒரு வேலை நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை நின்று, கடந்து போகிறவர்களையும், அதில் பையோடு போகிற பெண்களையும் தனித்தனியாக எண்ணி எழுது. சாக்கடை மூடியைத் திறந்து காட்டச் சொல். மின் இணைப்பு வணிக வகையா, எத்தனை கிலோவாட் என்று பழைய பில்லை வாங்கிப் பார். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் பணத்தைக் கையில் கொடுக்காதே. பதினொரு மாசம் போதும், பதிவெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரர் சொல்வார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எத்தனை மாசமானாலும் எழுதிப் பதியத்தான் வேண்டும். புது மெனுவை அனுப்பு, பத்து ஐட்டத்துக்கு மேல் இருந்தால் படிக்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா