ஸ்டான்மோருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போ

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் நிலவனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நிலவன் பள்ளியில் 1940-ஆம் ஆண்டு வான்போரைப் பற்றிப் பாடம் நடப்பதாகவும், அவன் ஸ்பிட்ஃபயர் விமானமாகவே வரைந்து தள்ளுவதாகவும் தொலைபேசியில் சொன்னாய். வரையட்டும், அழகான விமானம்தான். ஆனால் விமானப்படையில் ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். என் பேரன் அந்தப் போரில் பாதியை மட்டும் தெரிந்துகொண்டால் எனக்கு மனம் ஆறாது. மறுபாதி நடந்த இடம் உங்கள் ஹாரோ வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஸ்டான்மோரில் இருக்கிறது. பென்ட்லி பிரையரி மாளிகை. ஹ்யூ டவுடிங் அங்கிருந்துதான் பிரிட்டனின் போர்விமானங்கள் அனைத்தையும் நடத்தினார்.

ஜெர்மானிய விமானங்கள் பிரான்ஸிலிருந்து கடலைத் தாண்டச் சில நிமிடங்களே போதும். அவற்றுக்காக எந்நேரமும் வானத்தில் காவல் சுற்றினால், சண்டை தொடங்குமுன்பே எரிபொருளும் தீரும், ஓட்டுபவனும் ஓய்ந்துபோவான். எதிரி எங்கே வருகிறான் என்று தெரிந்த பிறகு விமானத்தை மேலே அனுப்புவதுதான் வழி. கரையோர ராடார் கோபுரங்கள் கடல் பக்கம் மட்டுமே பார்த்தன. கரையைத் தாண்டி உள்ளே வந்த விமானங்களை, பைனாகுலரும் தொலைபேசியுமாக மேடுகளில் நின்ற சுமார் 30,000 தொண்டர்கள் கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்தார்கள்.

இத்தனை பேர் சொல்வதில் எது சரி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் இரண்டு இடங்களில் இருப்பதாகச் சொல்லும். இரண்டையும் அப்படியே நம்பினால், இல்லாத எதிரியைத் துரத்தப் பாதிப் படை போய்விடும். அந்தக் கணக்கைப் போட்ட தவிப்பு எனக்கும் தெரியும். பென்ட்லி பிரையரியில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. ராடார் செய்திகளெல்லாம் அங்கே சலிக்கப்பட்டு, நம்பத் தகுந்தது மட்டுமே மற்ற அறைகளுக்குப் போனது.

அந்த அறைகளின் சுவர்க் கடிகாரத்தை நிலவனுக்குக் கட்டாயம் காட்டு. அதன் முகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். செய்தி வந்த நேரத்தில் முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிற வில்லையைத்தான் மேசை வரைபடத்தில் வைப்பார்கள். மேலேயிருந்து பார்க்கும் அதிகாரிக்கு எது புதிய செய்தி, எது பழையது என்று யாரையும் கேட்காமலே புரியும். இத்தனை எளிமையாகச் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வில்லைகளை நகர்த்தியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பிகின் ஹில் தளத்தில் குண்டு விழுந்தபோதும் ஹெலன் டர்னர், எல்ஸ்பெத் ஹென்டர்சன் இருவரும் தொலைபேசியை விட்டு எழவில்லை. இருவருக்கும் மிலிட்டரி மெடல் கிடைத்தது. இதை உனக்காகவும் எழுதுகிறேன்.

டவுடிங்கை நான் மதிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 1940 மே மாதம் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் விமானம் அனுப்புங்கள் என்று நாலாபுறமும் நெருக்கினார்கள். மே 16 அன்று அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 படைப்பிரிவுகள் தேவை என்று நீங்களே கணக்கிட்டீர்கள், இப்போது 36 அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது, இதற்கு மேல் ஒன்றும் அனுப்ப முடியாது என்பது அதன் சாரம். சர்ச்சிலை எதிர்த்து நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவருடைய ஒரே மகன் டெரெக், 74-ஆம் படைப்பிரிவில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவன். அந்த மேசையில் நகர்ந்த வில்லைகளைத் தகப்பனாக அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

வெற்றிக்கதையாக மட்டும் அவனுக்குச் சொல்லிவிடாதே. செப்டம்பர் 7 முதல் லண்டன்மேல் குண்டு மழை தொடங்கியது. பகலில் எதிரியைத் தடுத்த அதே ஏற்பாட்டால் இரவில் அதிகம் செய்ய முடியவில்லை. அடுத்த மே மாதத்துக்குள் நாடெங்கும் 40,000-க்கும் அதிகமான பொதுமக்கள் மாண்டார்கள். நவம்பரிலேயே டவுடிங்கைப் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து.

நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. போர் நிதி கொடுத்ததற்காக 264-ஆம் படைப்பிரிவின் பெயரோடு ‘மதராஸ் பிரசிடென்சி’ சேர்ந்தது. அவர்கள் ஓட்டிய டிஃபயன்ட் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. 1940 ஆகஸ்ட் பகல் சண்டைகளில் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள்.

ஸ்டான்மோர் முடிந்ததும், இன்னொரு விடுமுறையில் மெட்ரோபாலிட்டன் ரயிலேறி அக்ஸ்பிரிட்ஜ் சுரங்க அறைக்கும் போய் வாருங்கள். கீத் பார்க் தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த இடம் அது. இறங்க 76 படிகள். அந்த மேசைக்கு முன்னால் நிலவன் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் நான் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா