அண்ணாவுக்கு, கையெழுத்துப் போட்ட பிறகு

அண்ணா,

நேற்றுப் பதிவு அலுவலகத்துக்குப் போய், நம் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நீ அனுப்பிய பவர் பத்திரத்தில் குறை எதுவும் சொல்லவில்லை. என்ன விலை, யாருக்கு என்பதெல்லாம் உனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். சித்தப்பா வீட்டில் நான் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறார்கள்.

இதைத் தனியாக எழுதி அனுப்பாமல் ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். தனியாக எழுதியதற்கெல்லாம் நீ என்ன பதில் போட்டாய்? "கிடைத்தது. நலம்."

ஜிம்பாப்வேயில் உன்னிடம் வந்திருந்தபோது, காமி இடிபாடுகளைப் பார்க்க என்னை ஏன் அழைத்துப்போனாய் என்று இப்போதுதான் பிடிபடுகிறது. நான் ஆசைப்பட்டது மாஸ்விங்கோ பக்கத்தில் இருக்கும் பழைய கல்நகரம் கிரேட் ஜிம்பாப்வே பார்க்க. படத்தில் பார்த்த அந்த நெடிய வளைந்த சுவருக்குக் கீழே ஒரு தடவை நிற்க வேண்டும் என்று இருந்தது. நீயோ, புலவாயோவிலிருந்து 22 கிலோமீட்டரில் காமி இருக்கும்போது மாஸ்விங்கோ வரை எதற்குப் பெட்ரோலை எரிக்க வேண்டும் என்றாய். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பாதி அதுதான், மறுக்காதே.

போய் இறங்கியதும் அணைத் தண்ணீரின் நாற்றம். நகரத்துச் சாக்கடை வந்து கலக்கிறது என்று நீ சொன்னபோது, உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 1986இல் அறிவித்த இடத்துக்கா இந்தக் கதி என்று திரும்பிப் பார்த்தேன். நீ அதற்குள் விறுவிறுவென்று மேலே போய்விட்டாய். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வகுப்புக்குப் போகிற நடை.

சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. கிரேட் ஜிம்பாப்வேயில் கருங்கல் தானாகவே பாளம் பாளமாகப் பிரியும், செங்கல்போல் அடுக்கலாம். இங்கே கல் பிடிவாதக்காரக் கல். உடைத்ததில் பாதிக்குமேல் கட்டடத்துக்கு உதவாது. அதனால் இவர்கள் தனியாக நிற்கும் உயரமான மதில் எழுப்பவில்லை. குன்றின் சரிவில் படிப்படியாகத் தாங்குசுவர் கட்டி, உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, மேலே தளமாக்கி, அந்தத் தளத்தில் களிமண் வீடு கட்டினார்கள். முகப்பில் தெரிகிற வரிசையில் மட்டும் கல்லைச் செதுக்கிச் சீராக்கி, ஒன்று வைத்து ஒன்று விட்டு, சதுரங்கக் கட்டமாகக் குழி விழும்படி அடுக்கியிருக்கிறார்கள். விரலை விட்டுப் பார்த்தேன். சாந்து இல்லை, சேறு இல்லை. கல்மேல் கல், அவ்வளவுதான். மேலே இருந்த வீடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை.

அங்கேதான் ஆரம்பித்தாய். கிரேட் ஜிம்பாப்வே கைவிடப்பட்ட காலத்தில், 1450 வாக்கில் டோர்வா அரசர்கள் இங்கே தலைநகர் அமைத்தார்கள். இருநூறு ஆண்டுக்குப் பிறகு வாரிசுச் சண்டை, அதில் போர்த்துக்கீசியர் தலையீடு, ஊர் எரிந்தது. தலைநகர் டனாங்கோம்பேக்குப் போய்விட்டது. "யாரும் உட்கார்ந்து அழவில்லை. போன இடத்தில் இன்னும் அழகாகக் கட்டினார்கள்" என்றாய். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்ததையும் கவனித்தேன். இடிபாடு காட்ட அழைத்துவரவில்லை, வழக்காட அழைத்து வந்திருக்கிறாய். நம் வீட்டை விற்பதற்கு டோர்வா அரசர்கள் சாட்சி!

ஆனால் உன் பேச்சில் நான் மயங்கித்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 1895இல் புராதன இடிபாடுகள் கம்பெனி என்றே பெயர் வைத்து ஒரு கூட்டம் உரிமம் வாங்கி, இந்த மண்ணிலிருந்த இடிபாடுகளைத் தங்கத்துக்காகத் தோண்டியதை நீ சொன்னபோது உன் குரல் நடுங்கியது. கிடைத்த நகைகளை உருக்கிவிட்டார்கள். எந்தத் தளத்தில் எது கிடந்தது என்ற கணக்கும் அதோடு போயிற்று. ஃபினீசியர் கட்டினார்கள், ஷீபா ராணி கட்டினாள் என்று குடியேறிய வெள்ளையர்கள் கதை அளந்துகொண்டிருந்தபோது, 1905இல் தொல்லியலாளர் ராண்டல் மக்கைவர் காமி உட்படப் பல இடங்களைத் தோண்டிப் பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று எழுதினார். அதைக் கேட்க அவர்களுக்குக் காது இல்லை. இதைச் சொல்லும்போது நீ அழகாக இருந்தாய், அண்ணா. அப்பாவின் ஜாடை அப்படியே.

அந்தக் கோபத்தில் கால்வாசி, நம் மேற்குச் சுவர் சரிந்த மழைக்காலத்தில் வந்திருக்கக் கூடாதா? புகைப்படம் அனுப்பினேன். "கிடைத்தது" என்று எழுதினாய்.

சிலுவையை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. பாறைமேல் கருங்கல் துண்டுகளால் பரப்பியது, ஏதோ ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் வைத்தது என்கிறார்கள். அதன்மேல் சில்லறைக் காசுகள் கிடந்தன. கோயில் உண்டியலுக்கு ஒரு பைசா போடாத மனிதர் சட்டைப்பையைத் துழாவி ஒரு காசு எடுத்து வைத்தார். யாருக்காக என்று கேட்கவில்லை.

பிறகுதான் அந்தக் குழிகள்.

பாறையில் வரிசை வரிசையாகக் குடைந்து, விரல் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தன. சோரோ விளையாட்டு என்றாய். நான்கு வரிசை, காயை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சொல்லி முடிக்கும்முன் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்தாய். விதி சரியாகத் தெரியாமல், நம் பல்லாங்குழி விதியையே அதன்மேல் ஏற்றி ஆடினோம். இரண்டாவது சுற்றிலேயே ஒரு கல்லை உள்ளங்கையில் மறைத்தாய். அம்மாவிடமும் இதே வேலைதான் செய்வாய். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். நான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். கை மெலிந்திருந்தது. பிடித்த கையை நீ உருவிக்கொள்ளவில்லை.

"2008இல் பணவீக்கம் எகிறி ஒரு மாதச் சம்பளம் ரொட்டிக்குக் காணாது" என்றாய், குழிகளைப் பார்த்துக்கொண்டே. "டிக்கெட் எங்கே வாங்க? சேமிப்பு, பென்ஷன் எல்லாம் நோட்டில் பூஜ்ஜியமாகப் போயிற்று. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை."

அவ்வளவுதான் சொன்னாய். பிறகு "உன் ஆட்டம்" என்றாய்.

அம்மாவின் காரியத்துக்கு நீ வராததைப் பற்றி நான் யார் யாரிடம் என்னென்ன பேசினேன் என்பதை இங்கே விரிக்க முடியாது. பேசியவர்களும் இதைப் படிப்பார்கள். கேட்டுத் தலையாட்டியவர்களும் படிப்பார்கள். உனக்கு நான் அப்போது எழுதிய கடிதம் கடுமையானதுதான். வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ ஒரு வரி எழுதியிருந்தால் வளையலை விற்றாவது அனுப்பியிருப்பேனே! பணம் இல்லை என்று சொல்ல வெட்கம், தங்கையைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிட வெட்கமில்லையா? கொள்ளி வைக்க ஆள் தேடி நான் நின்றது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், சரி.

புறப்படும் அன்று பழைய ஜிம்பாப்வே நூறு டிரில்லியன் டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, புத்தகத்தில் அடையாளம் வைத்துக்கொள் என்றாய். ஒன்றுக்குப் பின்னால் 14 பூஜ்ஜியம், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று தொற்றி நிற்கும் பாறைகளின் படம். சுற்றுலாக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நோட்டு என்னைக் கையெழுத்துப் போட வைத்த அளவுக்கு உன் டோர்வா அரசர்கள் செய்யவில்லை.

ஆகவே இது உன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி இல்லை. அவர்கள் எரிந்த ஊரை விட்டுப் போனவர்கள். நம் வீடு எரியவில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றது. இரண்டையும் ஒன்றாக்காதே. உனக்குப் பணம் வேண்டும், அதைக் கேட்க உனக்கு வாய் வராது, ஆகவே நானே முடித்துவிட்டேன். பல்லாங்குழிப் பலகை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் பங்கு கேட்காதே.

ஆகஸ்டில் வருகிறேன். மழை இல்லாத மாதம் என்று நீதான் சொன்னாய். இந்தத் தடவை நளெட்டாலே இடிபாடு. ஐந்து விதமான கல் அலங்காரமும் ஒரே சுவரில் இருக்கிறது என்று ஆசை காட்டிவிட்டு, பாறை ஏற வேண்டும், முழங்கால் விடாது என்று தட்டிக்கழித்தாயே, அந்த நளெட்டாலே. பணம் வந்ததும் முதலில் முழங்காலைக் காட்டு. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் உன் செலவு. உன் பங்கிலிருந்து.

வரும்போது என்ன வேண்டும் என்று எழுது. "நலம்" என்று மட்டும் எழுதினால் வெறுங்கையோடு வருவேன்.

உன் தங்கை