குரல்வளை இருந்தும் விழுங்க முடியாத நிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்குக் குரல்வளையை முழுவதுமாக அகற்றுவதே வழி என்றிருந்த நிலையை, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1991-இல் வெளியான ஆய்வு மாற்றியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிலும், கீமோதெரபியில் தொடங்கிக் கதிர்வீச்சு பெற்றவர்களிலும், இரண்டாண்டு முடிவில் 68 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். பின்னவர்களில் 64 சதவீதத்தினருக்குக் குரல்வளையும் தங்கியது. கீமோதெரபியையும் கதிர்வீச்சையும் ஒருசேரக் கொடுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில் குரல்வளை தங்கியவர்கள் 88 சதவீதம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரும் அந்தச் சிகிச்சையைப் பெற்றார். நோய் நீங்கியது, குரல்வளையும் இருக்கிறது. ஆனால் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலே அவருக்குப் புரையேறுகிறது. குழைத்த ரசம் சாதத்தைக்கூடத் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துதான் விழுங்குகிறார். கல்யாணப் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டார். கதிர்வீச்சால் தொண்டைத் தசைகள் தழும்பேறி இறுகுவதும், வாய்ப்புண்ணுக்கு அஞ்சி மூக்குக் குழாயை மட்டும் நம்பி வாரக்கணக்கில் விழுங்காமலே இருந்தால் அந்தத் தசைகள் மேலும் தளர்வதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவையே. சிகிச்சைக்கு முன்பே விழுங்கும் பயிற்சியைத் தொடங்கி, வலிக்கிடையிலும் கரண்டிக் கஞ்சியையாவது வாய்வழியே குடித்து வரவேண்டும் என்று நாங்கள் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். பல்லைப் பரிசோதித்து வரச் சொன்னவர்கள், விழுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்குப் போன ஒரு நாள், குரல்வளை அகற்றப்பட்ட பெரியவர் ஒருவர் கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் மூடியபடி, உள்ளே பொருத்திய குரல் வால்வின் உதவியால், தெளிவாகத் தேநீர் கேட்டு வாங்கி இருமலின்றிக் குடித்ததைப் பார்த்தேன். அவருக்கு மூச்சுவழி வேறு, உணவுவழி வேறாகிவிட்டதால் புரையேற இடமில்லை. குருத்தெலும்பைத் துளைத்து நோய் வெளியே பரவியவர்களுக்கும், குரல்வளை முன்பே செயலிழந்தவர்களுக்கும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் ஏற்றது என்பதை அதற்குப் பிறகே புரிந்துகொண்டேன். உறுப்பு மிஞ்சுவது வேறு, அது வேலை செய்வது வேறு.

ஆகவே, கதிர்வீச்சின் முதல் நாளுக்கு முன்பே பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர் ஒருவர் நோயாளியைப் பார்த்தாக வேண்டும் என்பதைப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனைகளிலும், குறிப்பாக மாவட்ட அளவில், அரசு கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.