சத்துமா விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டிலேயே சத்துமா செய்து விற்கும் அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும்,

வணக்கம். உங்கள் மாவை வாங்கிப் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சுபவர்களில் நானும் ஒருத்தி. ருசியிலோ சுத்தத்திலோ குறை சொல்ல வரவில்லை. வறுப்பதற்கு முன் தானியத்தை ஊறவைக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

பைக்கற்றில் ‘12 வகைத் தானியம்’ என்று பெரிதாகப் போடுகிறீர்கள். சரி, நல்லது. ஆனால் குரக்கன் (கேழ்வரகு), சோளம், சோயா, உளுந்து எல்லாவற்றிலும் பைற்றிக் அமிலம் இருக்கிறது. இரும்பு, சிங்க், கல்சியம் மூன்றையும் அது பிடித்து வைத்துக்கொண்டு குடலை உறிஞ்ச விடாது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டுதான். பிள்ளையின் உடம்பில் சேர்வது அதில் ஒரு பங்கே. இரும்பின் கதை இன்னும் இறுக்கம். பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புக் கையிருப்பு ஆறு மாதமளவில் கரையத் தொடங்கும். 7 முதல் 12 மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கே 8 தான்!

அந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதியம், பைற்றேஸ், தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊறும்போதும் முளைவிடும்போதும் அது வேலை செய்யும். நாமோ கழுவி, காயவைத்து, மணம் வரும்வரை வறுத்து மில்லில் கொடுக்கிறோம். வறுக்கிற சூட்டில் நொதியம் கெட்டுப்போகும். அமிலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிறகு கூழை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பெரிய மாற்றம் வராது. ஆகவே முதலில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, முளைகட்டி, காயவைத்து, அப்புறம் வறுங்கள். அரிசியிலும் சோளத்திலும் இந்த நொதியம் குறைவு என்பதால் குரக்கனையும் பயறையுமாவது முளைகட்டுங்கள்.

கொழும்பின் ஈரக்காற்றில் முளைத் தானியம் காய்வது லேசில்லை, தெரியும். அரைகுறையாகக் காய்ந்து பூஞ்சணம் பிடித்தால் அது வேறு ஆபத்து. மழை நாட்களில் முளைகட்டாவிட்டால் பரவாயில்லை. அந்த பைக்கற்றில் அப்படியே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. பைக்கற்றில் ‘முழுமையான உணவு’ என்று போடும் வரியை எடுத்துவிடுங்கள். அதை நம்பி மீனோ ஈரலோ கொடுக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில், கூழோடு மசித்த பப்பாப்பழமோ தோடம்பழமோ கொடுங்கள், பிளேன்டி வேண்டாம் என்று போடலாம். விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும், தேயிலை தடுக்கும்.

மெனக்கேடு கூடினால் விலையைக் கொஞ்சம் கூட்டுங்கள். வாங்குவோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர் ஒருத்தி