"சோழர் காலத்து" என்று விற்ற சிலை: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர்

ஐயா,

உங்கள் தளத்தில் "சோழர் காலத்து சிவகாமி அம்மன், ஐம்பொன், கன வார்ப்பு, 12 அங்குலம்" என்று விற்ற சிலை கிடைத்தது. அங்குலக் கணக்கு மட்டும்தான் சரி.

கன வார்ப்பு என்றால் உள்ளே முழுக்க உலோகம் இருக்க வேண்டும். பீடத்தைக் கவிழ்த்தால் உள்ளே வெறும் பொள்ளல். காது மடலில் தொடங்கி தோள், இடுப்பு வழியாகப் பீடம் வரை இரு பக்கமும் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. அரம் போட்டும் மறையவில்லை. சோழர் சிலைகளை வார்த்த மெழுகு வார்ப்பு முறையில் இந்தக் கோடு வர வழியே இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவின் மேல் வண்டல் மண் பூசி, சூடுகாட்டி மெழுகை வடித்து, உலோகம் ஊற்றியபின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஒரு அச்சு, ஒரு சிலை. உங்களுடையது இரண்டு பாதியாக மணலில் வார்த்தது.

பீடத்தின் அடியில் லேசாகச் சுரண்டியதும் பளிச்சென்று மஞ்சள் தெரிந்தது, பித்தளை. செம்பு மிகுந்த ஐம்பொன்னில் செம்மை தெரியும். மேலே இருக்கும் பச்சைக் களிம்போ நகப்பூச்சு அகற்றும் திரவம் தொட்ட பஞ்சில் ஒட்டிக்கொண்டு வருகிறது. முதுகுப்புறம் வழவழவென்று மொட்டை. சோழர் சிற்பிகள் பின்னலையும் ஆடை மடிப்பையும் தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரத்தையும் பின்புறத்திலும் விடாமல் செதுக்கினார்கள்.

பழையது என்றே நீங்கள் வாதிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. 100 ஆண்டு கடந்த சிலை, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது. சோழர் பாணியில் புதிதாகச் செய்ததை "சோழர் பாணி" என்று சொல்லி விற்பதில் தவறில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். "காலத்து" என்று போட்டு விலையை ஏற்றியதுதான் தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று பெயர்.

கேட்பது இவ்வளவே: முழுத் தொகையையும் திருப்பி அனுப்புங்கள், உங்கள் கூரியர் செலவிலேயே சிலையை எடுத்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் "பித்தளை, மணல் வார்ப்பு, பொள்ளல்" என்று திருத்துங்கள். மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகாரைப் பெற்றதற்கு ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். பீடம், பக்கக் கோடு, பஞ்சு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்